பாய்சன் ஐவி தடிப்பு: ஜுவல்வீடா, விட்ச் ஹேசலா, ஓட்ஸா?

நியூ ஜெர்சியில் வீடு வாங்கிய முதல் கோடையிலேயே அவரைப் பந்தல் போட இடம் தேடினேன். பின்வேலியோரம் நல்ல வெயில். அங்கே ஏற்கெனவே ஒரு கொடி படர்ந்து கிடந்தது. மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கையுறைகூடப் போடாமல், அரைக்கைச் சட்டையோடு நின்று அதைப் பிடுங்கி எறிந்தேன். திங்கள் காலை முழங்கையின் உட்பக்கம் கோடு கோடாகச் சிவந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் கோடுகளின் மேல் மணி கோத்தது போல நீர்க் கொப்புளங்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "இது அக்கிடி. காவி வச்சு எழுதணும். இந்த ஊர்ல குயவருக்கு எங்க போறது?" என்று கவலைப்பட்டாள்.

அது அக்கி இல்லை. நான் பிடுங்கிய கொடி பாய்சன் ஐவி. மூன்று மூன்று இலையாக வரும். நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். மரத்தில் ஏறிய முற்றிய தண்டில் ரோமம் போல வேர் அடர்ந்திருக்கும். அதன் சாறில் உள்ள யூருஷியால் என்ற எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இது நமக்கு அந்நியமான குடும்பமும் இல்லை. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இதற்கு உறவு. துணியில் வண்ணான் குறி போடுவது சேங்கொட்டைப் பாலில்தான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படையினருக்கு அந்தக் குறி பட்ட இடத்தில் இதே மாதிரி தோல் வெந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. முதன்முறையாக ஐவியைத் தொடுபவர்களுக்குத் தடிப்பு எழ ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். எனக்கு இரண்டே நாள்தான். சிறுவயதில் மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவள் நான். உடம்பு இந்த எண்ணெயின் உறவுக்காரர்களை முன்பே அறிந்து வைத்திருந்ததோ என்று நினைக்கிறேன்.

அந்த மூன்று வாரத்திலும், அடுத்த கோடையில் மறுபடி மாட்டிக்கொண்ட பத்து நாளிலும், கைக்கு எட்டிய பச்சிலை வைத்தியம் பலவற்றைச் செய்து பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓட்ஸ். ஆனால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஜுவல்வீட்தான். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜுவல்வீட் நம் காசித்தும்பையின் காட்டுச் சகோதரி. ஓடையோரத்து நிழலில், ஈர மண்ணில், கண்ணாடி போன்ற நீர்த்தண்டோடு வளரும். இலையைத் தண்ணீரில் அமிழ்த்தினால் வெள்ளி பூசியது போல மினுங்கும். ஆரஞ்சுப் பூ, முற்றிய காயைத் தொட்டால் வெடித்துச் சுருளும். எங்கள் வீட்டு முற்றத்துக் காசித்தும்பைக் காயை வெடிக்க வைத்து விளையாடிய எனக்கு அதைப் பார்த்ததும் பாசம் பொங்கியது உண்மை. இங்கே பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் தடிப்புக்கு இதைக் கசக்கிப் பூசி வந்திருக்கிறார்கள். ஐவி படரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் முளைப்பதால், 'நோய்க்குப் பக்கத்தில் மருந்து' என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தேன். 1958ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு மருத்துவர் மிக நல்ல பலன் கிடைத்ததாக எழுதினார். 1980லும் 1997லும் ஒழுங்காக ஒப்பிட்டுச் சோதித்தவர்களுக்குப் பலன் ஏதும் தெரியவில்லை. 2012ல் வந்த ஆய்வுதான் எனக்கு விஷயத்தைத் தெளிவாக்கியது. ஐவி பட்டவுடன் ஜுவல்வீடைப் பச்சையாக நசுக்கித் தேய்த்தால் தடிப்பு வருவது குறைகிறது. சாறெடுத்துப் பக்குவம் செய்த வடிவம் உதவவில்லை. சாதாரண சோப்போ இரண்டையும்விட நன்றாக வேலை செய்கிறது. செடியில் மருதாணியின் நிறப்பொருளான லாசோன் இருப்பதால்தான் குணமாகிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள்; அதன் அளவுக்கும் பலனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. 2015ல் அதே குழுவினர் சபோனினைக் கைகாட்டினார்கள். சபோனின் என்றால் நம் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரைப்பது. ஆக, ஜுவல்வீட் செய்வது கழுவுகிற வேலை.

இங்கேதான் எல்லாமே முடிவாகிறது என்பது என் கருத்து. யூருஷியால் தோலில் பட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பாதிக்கு மேல் உள்ளே ஏறிப் பிடித்துக்கொள்கிறது. அரை மணி கழிந்தால் கழுவி எடுக்க மிச்சம் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு நடப்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சண்டை. ஒன்றிரண்டு நாள் கழித்து எழும் தடிப்பு அந்தச் சண்டையின் அடையாளம். வேலியில் பிடுங்கிய கொடி ஐவி என்று எனக்கு எப்போது தெரிந்தது? தடிப்பு வந்த பிறகுதான். அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான். தொட்ட கையோடு தெரிந்திருந்தால் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டிருப்போம். எனவே வைத்தியத்தை ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, கை பற்றி எரியும்போது, இது உதவுமா?

அந்தக் கேள்வியில் ஜுவல்வீட் தோற்கிறது. நான் நசுக்கிப் பூசியபோது சில்லென்று இருந்தது, கால் மணி நேரம். வெறும் தண்ணீர்த் துணியும் அதைத்தான் தந்தது. எனக்குத் தடிப்பு எழுந்த பிறகு இரண்டு முறை பூசிப் பார்த்த அனுபவம் மட்டுமே உண்டு. காட்டில் நடக்கிறவர்கள் ஐவியில் உரசிய அந்த நிமிடமே அருகில் இது கிடைத்து, தண்ணீரும் சோப்பும் இல்லையென்றால், தாராளமாகத் தேய்த்துக்கொள்ளட்டும். அதன் நேரம் அது. கடையில் விற்கும் ஜுவல்வீட் சோப்பைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதில் வேலை செய்வது சோப்பு.

விட்ச் ஹேசலுக்கு இரண்டாம் இடம். இந்தக் கிழக்குக் கரைக் காடுகளில் இலையெல்லாம் உதிரும் பருவத்தில் மஞ்சளாகப் பூக்கும் குறுமரம். பட்டையிலும் இலையிலும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு நீர் வடியும் கொப்புளத்தைச் சுருங்க வைத்து உலர்த்தும். கேரளத்தில் சேங்கொட்டை மரத்தால் உடம்பு பொங்கினால் தான்றி மரத்தைச் சுற்றி வரும் வழக்கம் உண்டு. தான்றியும் பெருந்துவர்ப்பு என்பதால் இரண்டையும் ஒரே கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது. பகலில், அலுவலகத்தில், பஞ்சில் நனைத்துத் தொட்டுக்கொள்ள இதைவிட வசதியானது இல்லை. ஆனால் காய்ச்சி வடித்த கடைச் சரக்கில் துவர்ப்பு பெரும்பாலும் போய்விடுகிறது, ஆல்கஹாலும் கலந்திருக்கும். சொறிந்து தோல் உரிந்த இடத்தில் அது பட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உரியாத தோலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புல்தரையில் கேட்காமலே முளைக்கும் அகல இலைப் பிளான்டெயின், இசப்கோலின் உறவு. 1980ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒருவர் இதைக் கசக்கிப் பூசினால் ஐவி அரிப்பு அடங்குகிறது என்று கடிதம் எழுதியிருந்தார். என் மகனின் கணுக்காலில் ஒரே ஒரு தடவை வைத்தேன். சொறிவதை நிறுத்தினான். ஒரு தடவையை வைத்து நான் எதுவும் சாதிக்க மாட்டேன். சோற்றுக் கற்றாழை இதம், அவ்வளவுதான்.

அம்மா சும்மா இருப்பாளா? இடது கைக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டாள். நம் வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அம்மை இறங்கியவர்களுக்கு வேப்பிலையின் அருமை தெரியும். ஆனால் நீர் வடியும் புண்ணில் பற்று காய்ந்து தோலை இழுத்தது. உரிக்கும்போது பொருக்கும் சேர்ந்து வந்தது. இன்னொரு பெரிய சிக்கல், மஞ்சள் நிறத்துக்குக் கீழே சிவப்பு கூடுகிறதா, சீழ் வைக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொப்புளம் உடையாத, சும்மா அரிக்கிற இடத்துக்கு வேறு பலன் இருந்திருக்கலாம். அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் கேட்ட காவிக்கு நெருக்கமானது மருந்துக் கடையில் விற்கும் கலமைன் லோஷன்தான். அதன் ரோஜா நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு, காவிக்கும் அதேதான். அது மூலிகை இல்லை என்பதால் இந்தப் பந்தியில் உட்கார வைக்கவில்லை.

இனி ஓட்ஸ். தானியத்தை மூலிகை என்பதா என்று கேட்கலாம். கஞ்சியை மருந்தாக நினைத்து வளர்ந்த நமக்கு அதில் தயக்கம் வேண்டாம். மாவாய் அரைத்த ஓட்ஸ் நீரில் கரைந்து தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. தானியங்களில் ஓட்ஸில் மட்டும் இருக்கும் அவெனாந்த்ரமைடு என்ற பொருட்கள் அரிப்பையும் அழற்சியையும் தணிக்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003ல் இதைத் தோல் காப்புப் பொருளாக ஏற்றது; ஐவித் தடிப்பின் அரிப்புக்கு என்று பொட்டலத்தில் எழுதவும் அனுமதி உண்டு. முக்கியம், இது தடிப்பு எழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. நோயின் நாட்களை இது குறைக்காது. இரண்டு மூன்று வாரம் ஆகிற தடிப்பு அத்தனை நாள் ஆகியே தீரும். அந்த நாட்களில் தூங்க வைக்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

செய்முறை சொல்கிறேன், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரையோ வாசனையோ சேராத வெறும் ஓட்ஸ் ஒரு கப், மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டி மைதா மாதிரி நைசாக அரைக்க வேண்டும். ஒரு கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள்; பால் போல வெளுத்து அப்படியே நிற்க வேண்டும். அடியில் உடனே தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். குளியல் தொட்டியில் தண்ணீர் விழும்போதே தூவிக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டால் அந்த நேரத்துக்குச் சொர்க்கம் போலிருக்கும். எனக்கு அரை மணியில் அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பியது. தொட்டி வழுக்கும், பெரியவர்களைப் பிடித்து எழுப்புங்கள். துடைக்காமல் ஒற்றி எடுங்கள். கை மட்டும்தான் பாதிப்பு என்றால் குளியலே வேண்டாம். மாவைக் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்து, பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து சுற்றிக்கொண்டால் போதும். அந்த இரண்டு மணி ராத்திரிகளில் என்னைக் காப்பாற்றியது இந்தத் துணிதான். அம்மாதான் நனைத்து நனைத்துக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் வலது மணிக்கட்டில் புதிதாகத் தடிப்பு வந்தபோது, கொப்புளத் தண்ணீர் பட்டுப் பரவுகிறது என்று பயந்து மகனைத் தூக்குவதையே நிறுத்தினேன். கொப்புள நீரில் யூருஷியால் கிடையாது, அது ஒருவருக்கொருவர் தொற்றாது. குற்றவாளி, நான் கழுவாமல் கொட்டகையில் மாட்டி வைத்து, முந்தாநாள் எடுத்துப் பயன்படுத்திய செடி வெட்டும் கத்தரி. இந்த எண்ணெய் கருவியில், கையுறையில், செருப்பு வாரில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தங்கும். எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் கத்தரியைச் சோப்பால் கழுவுங்கள். பிடுங்கிய கொடியைக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் பேராபத்து.

பச்சிலை எதுவும் எட்டாத நிலையும் உண்டு. கண், முகம், பிறப்புறுப்பு வீங்கினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ, உடம்பில் பெரும்பகுதி பொங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு முட்டினால் அவசர சிகிச்சைக்கே. ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால் இரண்டு மூன்று வாரம் படிப்படியாகக் குறைத்து முடிக்க வேண்டும். ஐந்தாறு நாளில் நிறுத்தினால் தடிப்பு திரும்பி எழும். என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது.

இந்த வருடம் அவரைப் பந்தல் பின்வேலியில்தான். கொட்டகைக் கதவில் நீளக் கையுறை தொங்குகிறது, வெளிக் குழாயடியில் பாத்திரம் கழுவும் சோப்பு. ஓட்ஸ் டப்பா குளியலறை அலமாரியில். அம்மா ஊரிலிருந்து போனில் கேட்கிறாள்: "அந்த மூணு இலைக்காரி திரும்ப வந்தாளா?" வந்திருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு தளிர்.