ராயபுரக் காற்றில் ஏழு வருஷம்: பத்மினி இன்ஜினில் எந்தப் பூச்சு நின்றது, எது உரிந்தது

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி கார் 1984 மாடல். அப்பா ஹார்பரில் வேலையில் இருந்தபோது வாங்கியது. 2018-ல் இன்ஜினை வெளியே இறக்கி, சிலிண்டரைக் கடையும் போரிங் வரை போனோம். இவ்வளவு செலவழித்தாயிற்று, கலரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்ததுதான் இந்தக் கதை. அதற்கப்புறம் 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கார் நிற்பது வடசென்னை ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடும் தூரத்தில், ஒரு தகர ஷெட்டுக்குக் கீழே. கடல் உப்புக் காற்றில் எங்கள் மொட்டை மாடித் துணிக்கொடிக் கம்பியே ரெண்டு வருஷத்தில் இற்றுப்போகும். அதனால் கடலே இல்லாத கோயம்புத்தூரில் ஒருவர் பத்து வருஷம் நின்றது என்று சொல்லும் பூச்சை அப்படியே நம்பி இங்கே பூச முடியாது.

முதலில் கலர். எனக்கு ஆசை முழுக்க இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவர் சிவப்பு, அதன் உடம்பான வார்ப்பிரும்பு பிளாக் பளபளக்கும் கறுப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் ஃபேக்டரி பெயிண்ட் ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் கேட்கப் போனேன்.

"கறுப்பு அடிச்சா ஆயில் கசியறது எப்படி நைனா தெரியும்? இன்ஜின்ல அழுக்கு கண்ணுக்குத் தெரியணும். தெரியலன்னா எங்கன்னு தேடுவ?"

எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. ஆனால் டைனமோ பிராக்கெட்டைக் கழற்றியபோது, முந்தைய பெயிண்டர்களின் பிரஷ் எட்டாத அந்த நிழலில், சில்வருக்கும் பச்சைக்கும் அடியில், ஒரு மங்கல் சாம்பல் தெரிந்தது. பழைய வண்டிக்கு என்ன கலர் என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதிரி மறைவிடங்களைத்தான். மவுன்டிங்கின் பின்பக்கம், ஃபில்டர் உட்காரும் இடம், போல்ட்டுக்கு வாஷர் பதிந்த வட்டம். அந்தச் சாம்பலையே கடையில் காட்டிக் கலந்து வாங்கினேன். பெரியவர் சொன்னது முதல் வருஷமே நடந்தது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்குக் கீழே ஒரு நூல் அளவு பழுப்புக் கோடு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் காய்ந்த தடம். கறுப்பாக இருந்திருந்தால் ஆவி கிளம்பிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

"கறுப்பு சூட்டை இழுக்கும்" என்றும் சிலர் சொல்வார்கள். பேனட்டுக்குள் வெயில் எங்கே அடிக்கிறது? சரியாகப் பார்த்தால் மேட் கறுப்பு சூட்டை வெளியே விடுவதில் வெறும் அலுமினியத்தைவிட மேல். தண்ணீரால் குளிரும் இன்ஜினில் அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ரேடியேட்டரில் மட்டும் கவனம் வேண்டும். மெல்லிய மேட் கறுப்பு ஒரு தூவல் போதும், தடியாக அடித்தால் ஃபின்களுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும்.

நான் செய்த பெரிய தப்பு பவுடர் கோட்டிங். ஒரு கடைக்காரர் டேப்பட் கவர், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப், ஃபேன், மவுன்டிங் பிராக்கெட் எல்லாவற்றையும் ஒரே தடவையாக அடித்துக் கொடுத்தார். 200 டிகிரி பக்கம் சூட்டில் உருகிப் படியும் பூச்சு, பெயிண்டைவிடத் தடிமன், வந்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. கார்க் பேக்கிங் உட்காரும் விளிம்பை மறைக்காமல் அங்கேயும் சேர்த்து அடித்திருக்கிறார். டேப்பட் கவர் மாட்டி ஒரு வாரத்தில் ஆயில் வழிந்தது. அதுகூடப் பரவாயில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தால் மோட்டார் முனகுகிறது, லைட் மங்குகிறது. பேட்டரி புதுசு. இரண்டு தடவை சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக் கம்பியின் பிளாஸ்டிக் உறை புகைய ஆரம்பித்தது. கையை வைத்தேன், சுட்டுவிட்டது.

மெக்கானிக் வந்து பார்த்துச் சிரித்தார். "எர்த்து எங்க சார் போவும்? பிராக்கெட்டுக்குத்தான் சட்டை போட்டுட்டீங்களே!" எர்த் பட்டை அந்தப் பிராக்கெட்டோடுதான் போல்ட்டாகியிருந்தது. பவுடர் பூச்சு கரண்டைக் கடத்தாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் அத்தனை கரண்டும் பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாமல், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் அந்த மெல்லிசு சோக் கம்பி வழியாகப் போயிருக்கிறது. அரம் போட்டு ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, கிரீஸ் தடவி முடுக்கினார். உடனே ஸ்டார்ட். பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால் எர்த் இடம், மரை, பேக்கிங் விளிம்பு மூன்றுக்கும் நீங்களே டேப் ஒட்டிக் கொடுங்கள், கடையை நம்பாதீர்கள்.

சம்ப்பின் நிலைமை தெரிந்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் ரெண்டு நாள் பாதிச் சக்கரத்துக்குத் தண்ணீர். வடிந்ததும் வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். சம்ப்பில் எப்போதோ கல் அடித்த ஒரு புள்ளி. அங்கே நகத்தை வைத்து இழுத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் முழுக்கத் துரு. பவுடர் பூச்சில் ஓட்டை சின்னது, உள்ளே உப்புத் தண்ணீர் ஊர்ந்து போகும் தூரம்தான் பெரிசு. மேலே பார்த்தால் எதுவுமே தெரியாது. பக்கத்திலேயே சாதாரண எனாமல் அடித்த பிளாக்கில் நாலைந்து இடத்தில் துரு இருந்தது. ஆனால் எல்லாம் கண்முன்னால். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, ஒரு கை பிரைமர், ஒரு கை சாம்பல் பூசி அரை நாளில் முடித்தேன்.

எனாமல் இன்ஜின் சூட்டைத் தாங்குமா என்று கேட்பார்கள். பிளாக் கூலன்ட் சூட்டில் இருப்பது, 90 டிகிரி சுற்று. நல்லாவே தாங்கும். பெட்ரோல்தான் அதற்கு எதிரி. பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் கீழே எனாமல் மெழுகு மாதிரி இளகி வழிந்துவிட்டது. அந்தப் பக்கம் மட்டும் பிறகு ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயிண்ட் அடித்தேன், இன்றுவரை அசையவில்லை. பிரேக் ஆயில் சிந்தினால் பெரும்பாலான பெயிண்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்ஜின் புகை வெளியேறும் எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்டுக்கு 600 டிகிரி தாங்கும் சிலிகான் அலுமினியம் பெயிண்ட். முதல் தடவை பூசிய அன்றே எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வந்தேன், அம்மைக் கொப்புளம் போலப் பொங்கிவிட்டது. இரண்டாம் தடவை பத்து நிமிஷம் ஐடிலில் ஓட்டி அணைத்து ஆறவிட்டு, மறுபடி இருபது நிமிஷம் என்று படிப்படியாகச் சுட்டேன். ரெண்டு வருஷம் நின்றது. இப்போது பழுப்பாகிவிட்டது, விட்டுவிட்டேன். அத்தனை தடிமனான வார்ப்பிரும்பை அந்த மேல்துரு ஒன்றும் செய்யாது.

பிளாக்குக்கு மேல் உட்காரும் அலுமினிய ஹெட்டுக்குப் பூச்சே வேண்டாம் என்பது என் கட்சி. கிளியர் லாக்கர் அடித்துப் பார்த்தேன், ஒரு வருஷத்தில் டீக்கறை நிறம். வெறுமனே விட்டால் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை படியும். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயில் பித்தளை பிரஷ், மேலே ஆயில் துணியால் ஒரு துடைப்பு. அதே அலுமினியத்தில் அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டதும் தப்புதான். உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் ஒட்டி, அலுமினியம்தான் கரையும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஒரு போல்ட் மரையோடு கழன்று வந்தது. மஞ்சள் ஜிங்க் போட்ட சாதாரண போல்ட்டுக்கே திரும்பிவிட்டேன். மூன்று வருஷத்தில் நிறம் போய்விடும், ஆனால் கழற்றும்போது கழலும். ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் ஸ்டட்களை மட்டும் எந்த முலாமுக்கும் கொடுக்காதீர்கள். முலாம் தொட்டியில் உறுதியான ஸ்டீல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடக்கூடும்.

குரோம் பற்றி எழுத ஆசையே இல்லை. நண்பன் ஒருவன் டேப்பட் கவரைக் குரோம் செய்தான், ரெண்டாவது மழைக்காலத்தில் கடுகு தாளித்த மாதிரி புள்ளி புள்ளியாகிவிட்டது.

இன்ஜின் நம்பர் வெட்டிய இடத்தில் மட்டும் பிரஷைக் கொண்டுபோகாதீர்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பிக்கும்போது அந்த எண்கள் படிக்கும்படி இருக்க வேண்டும். நான் அங்கே ரெண்டு கோட் அடித்துவிட்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் ராத்திரி டார்ச் பிடித்துக்கொண்டு பிளேடால் சுரண்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டேப்பட் கவரையும் பவுடர் நீக்கிச் சாம்பலுக்கே மாற்றிவிட்டேன். பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கவர் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது நட்டுக்குக் கீழே நிறுத்தினார். விரல் நுனியில் ஆயில்.