கடைசல் பட்டறையில் செய்த பாகங்களோடு 24,000 கி.மீ: என் 1972 புல்லட்

புல்லட்டுக்கு எதற்குப் பாகம் செய்ய வேண்டும், சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் போய்க் கேட்டால் முழு எஞ்சினே கூடை கூடையாகக் கிடைக்குமே என்று பலரும் கேட்டுவிட்டார்கள். கிடைக்கும்தான். 1955-லிருந்து திருவொற்றியூரில் செய்த வண்டி, 350-இன் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவுமில்லை. ஆனால் கடையில் கிடைக்கிற புஷ் (உராய்வைத் தாங்கும் உலோக வளையம்) எல்லாம், பிஸ்டனையும் கிரேங்கையும் இணைக்கிற புது கனெக்டிங் ராடுக்கு அளவெடுத்தது. என் ராடின் பெரிய முனை, அதாவது கிரேங்க் பக்கத்துத் துளை, முட்டை வடிவத்துக்குப் போயிருந்ததால் ஹோன் செய்து (கல்லால் உள்ளே தேய்த்து) வட்டமாக்க வேண்டியிருந்தது, அதற்குப் பிறகு கடை புஷ் உள்ளே போட்டால் லொடலொடவென்று ஆடியது. ஆக லேத்துதான் வழி.

இந்த எஞ்சினின் பெரிய முனையில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். ஒரு பக்கம் கிரேங்க் பின், மறுபக்கம் ராடு, நடுவில் எதிலும் ஒட்டாமல் அதுபாட்டுக்குச் சுற்றும். அதனால் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் எண்ணெய்ப் படலம் வேண்டும், இரண்டு பக்கமும் இடைவெளி சரியாக வேண்டும். கோவை ஆவாரம்பாளையத்தில் வயதான ஒரு டர்னர், முதலில் கன்மெட்டலில் செய்யலாம் என்றார், நான் பாஸ்பர் பிரான்ஸ் (இரண்டுமே வெண்கல வகைதான்) வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைந்து முடித்து, பின்னில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, புஷ்ஷை மாட்டி நிமிர்த்திப் பிடித்தார். அது தன் எடையிலேயே மெல்ல இறங்கியது, எங்கும் நிற்கவில்லை. "இவ்வளவுதாங்க தம்பி, இதுக்கு மேல லூசு வெச்சா சத்தம் வரும், டைட்டு வெச்சா புடிச்சுக்கும்" என்றார். 2020 ஜனவரியில் மாட்டியது. 2024-இல் பிஸ்டன் ரிங் மாற்ற சிலிண்டர் பேரலைக் கழற்றியபோது ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. செய்த பாகங்களில் முழு மதிப்பெண் இதற்குத்தான்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த புஷ்ஷுக்கு எண்ணெய் போகிற வழியில், எஞ்சினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவரில் ஒரு சின்ன கார்க் சீல் இருக்கிறது. அது காய்ந்து சுருங்கினால் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் வீண், எண்ணெய் பாதியிலேயே கசிந்துவிடும். கவரைத் திறக்கும்போதெல்லாம் புதுசு போடுங்கள், அதில் போய் காசைப் பார்க்காதீர்கள்.

வால்வு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு கதை வேறு, அதில் தப்பு முழுக்க என்னுடையது. வேறொரு பட்டறையில் பிரான்ஸிலேயே கடைந்து, ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) விட்டு, அளவு பார்த்துக் கொடுத்தார்கள். வால்வை நுழைத்தால் வெண்ணெயாகப் போனது. ஹெட்டைச் சுடவைத்து அடித்து இறக்கினேன், அப்படியே பூட்டிவிட்டேன். இறுக்கமாக இறங்கும் கைடின் துளை சுருங்கும், இறக்கிய பிறகு மறுபடி ரீமர் விட வேண்டும், அதற்கும் பிறகு வால்வு உட்காரும் சீட்டையும் புதிதாக வெட்ட வேண்டும் என்பதெல்லாம் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, அவசரம். 300 கி.மீ தாண்டவில்லை, பொள்ளாச்சி ரோட்டில் வெயிலில் எக்ஸாஸ்ட் வால்வு பிடித்துக்கொண்டது, புஷ்ராடு வளைந்தது. இறக்கிப் பார்த்தால் துளை 0.03 மி.மீ குறைந்திருந்தது. சரி செய்த பிறகு இன்றுவரை அந்தப் பக்கம் தொல்லை இல்லை.

ஆயில் பம்ப்பில் புதிதாக எதையும் செய்யவில்லை, எண்ணெய் வழியை மூடித் திறக்கிற பழைய டிஸ்க்கையே (தட்டை வட்டு) தேய்த்தேன். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நைஸான தேய்ப்பு பேஸ்ட்டை வைத்து, விரல் நுனியால் 8 போடுவது மாதிரி தேய்க்க வேண்டும், முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக வரும்வரை. அப்புறம் அதன் இருக்கையோடு சேர்த்துக் கொஞ்சம். முதல் இரண்டு வருடம் அருமை. இப்போது வண்டி மூன்று வாரம் சும்மா நின்றால் எண்ணெய் முழுக்க கிரேங்க் பக்கம் இறங்கிவிடுகிறது, உதைத்தால் கால் கனக்கிறது, தெருவே புகை. தற்போதைக்கு அடியில் பிளக்கைக் கழற்றி வடித்து, அதையே எண்ணெய் டாங்கில் திருப்பி ஊற்றிவிட்டுத்தான் கிளப்புகிறேன்.

போல்ட்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பழைய புல்லட்டில் பல இடங்களில் இங்கிலாந்து சைக்கிள் திரெட், அங்குலத்துக்கு 26 புரி. மெட்ரிக் டையில் (புரி வெட்டும் கருவி) போட்டுக் கொடுத்தால் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் அலுமினியத்தைத் தின்றுவிடும். பழைய நட்டு ஒன்றைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

வால்வைத் தூக்கிவிடுகிற கேமும் டேப்பட்டும் கடையில் வாங்கியவைதான். மேல்முகம் கடினப்படுத்த வேண்டிய பாகத்தை லேத்து பட்டறையில் கொடுக்க எனக்கு தைரியம் வரவில்லை. எக்ஸாஸ்ட் டேப்பட் இப்போது லேசாகக் குழி விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் கவரைத் திறக்கும்போது அதையும் பார்த்து, டிஸ்க்கையும் மறுபடி கண்ணாடியில் போட வேண்டும்.