கம்பஸ் தோட்டமா, கமக்காரர் வயலா, கன்ரீன் சட்டியா?

உள்ளூர் உணவு, விவசாயம், சூழல் என்று ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசை வன்னியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வருவது இயல்பு. கிளிநொச்சி அறிவியல்நகர்க் கம்பஸில் இருப்பவருக்கு இரணைமடுக் குளம் சைக்கிள் தூரம். வவுனியா கம்பஸ் இருக்கிற பம்பைமடுவில் இருப்பவருக்கும் வயலும் குளமும் தூரமில்லை. எங்கே தொடங்குவது என்று கேட்டால் சீனியர்மார் நாலு வழி சொல்வார்கள்: கம்பஸுக்குள் தோட்டம் போடு, கமக்காரரோடு வயலுக்குப் போ, கன்ரீனில் உள்ளூர்ச் சாப்பாடு கொண்டுவா, மரம் நடு. நாலும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரேயொரு கேள்வி கேட்டாலே நாலும் நாலு திசைக்குப் பிரிந்துவிடும்: படிப்பு லீவு விட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு, தொடங்கிய காரியம் உயிரோடு இருக்குமா?

மரநடுகையை முதலில் முடித்துவிடுகிறேன். கார்த்திகை மாதம் வடக்கில் மரநடுகை மாதம். மழைக்காலம் என்பதால் நடுவதற்குச் சரியான நேரம்தான். கன்று வரும், பனர் வரும், படம் எடுப்பார்கள். பிறகு வைகாசியில் சோளகக் காற்று தொடங்கும்போது தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. தப்பியதைக் கட்டாக்காலி மாடு தின்னும், மாடு விட்டதைப் புல்லு வெட்டுகிற மெசின் பார்த்துக்கொள்ளும். கன்றுக்கு ஒரு கூடு, அதற்கு இரண்டு வருடம் பொறுப்பாக ஒரு ஆள் என்று வைக்க முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் அந்த நாளை வேறு வேலைக்கு வைத்திருங்கள்.

அடுத்தது தோட்டம். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், சேர்ந்து செய்யலாம், பாடத்துக்கு இடையில் அரை மணித்தியாலம் போய் வரலாம். விவசாய பீடத்தில் இல்லாத பிள்ளைகளுக்கு மண்ணைத் தொட இதைவிட லேசான வழி கிடையாது. செலவும் குறைவு. விதை, நாலைந்து மண்வெட்டி, வேலிக்குக் கம்பி, அவ்வளவுதான்.

ஆனால் செமஸ்ரர் என்பது ஏறத்தாழ 15 வாரம். அதற்குள் எது காய்க்கும் என்று பார்த்து நட வேண்டும். கீரை ஒரு மாதத்தில் பிடுங்கலாம். வெண்டியும் பயற்றங்காயும் ஒன்றரை, இரண்டு மாதத்தில் காய் தரும். கத்தரியும் மிளகாயும் அப்படியல்ல. மேடையில் நாற்றுப்போட்டு, பிடுங்கி நட்டு, காய் பறிக்கத் தொடங்கும் நேரத்தில் சோதனை வந்துவிடும். பறிக்க ஆளில்லாமல் முற்றிக் கிடக்கிற கத்தரிக்காய் பல கம்பஸ் தோட்டங்களில் காணக்கூடிய காட்சி. ஆகவே பாத்தியில் கீரையும் வெண்டியும், ஓரத்தில் முருங்கை, பப்பாசி, கறிவேப்பிலை, மரவள்ளி என்று வைப்பதே புத்தி. ஓரத்தில் நிற்பவை வேர் பிடித்துவிட்டால் லீவைத் தாங்கும். கத்தரி தாங்காது.

தோட்டத்தோடு கூட்டெருவும் செய்தால் அதன் மதிப்பு இரட்டிப்பாகும். விடுதிச் சமையலறையின் மரக்கறிக் கழிவு, காய்ந்த இலை, மாட்டுச்சாணம், வேலியில் நிற்கிற சீமைக்கிளுவைக் குழை எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதமளவில் கறுத்து உதிரும். சமைத்த சோறும் மீன் முள்ளும் அதற்குள் போகக்கூடாது, நாய் வந்து கிளறிவிடும். மிச்சச் சோற்றையும் கழனித்தண்ணியையும் மாடு, கோழி வளர்க்கிற அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள், சந்தோசமாக வாங்குவார்கள். குழை வெட்ட என்று பழக்கமில்லாத பற்றைக்குள் மட்டும் இறங்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன.

தோட்டத்தையும் வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் வேறுபாடு யாருடைய நேரம் என்பது. தோட்டம் உங்கள் நேரத்துக்கு நடக்கும். வயல் மழையின் நேரத்துக்கு நடக்கும். மாரி மழையில் செய்கிற பெரும்போகத்தில், மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் காணிக்குப் புரட்டாசியிலேயே புழுதி விதைப்பு, அதாவது காய்ந்த மண்ணில் விதைப்பது, தொடங்கிவிடும். குளத்துத் தண்ணீரில் செய்பவர்கள் சற்றுப் பிந்துவார்கள். வெட்டு தை கடைசியில் தொடங்கி மாசி, பங்குனி வரை போகும். கோடையில் செய்கிற சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் செய்யலாம் என்பதைக் குளத்தின் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக் கூட்டம் போட்டுத்தான் தீர்மானிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருமுறை பின்வரிசையில் இருந்து கேளுங்கள். யாருக்கு எத்தனை ஏக்கர், வாய்க்காலின் கடைசியில் இருப்பவனுக்குத் தண்ணீர் எப்ப வரும் என்று நடக்கிற வாக்குவாதத்தில், நீர் முகாமைத்துவம் என்று ஒரு செமஸ்ரர் படித்தது முழுதும் வந்து நிற்கும்.

நெல்லினத்தின் பெயரில் வருகிற எண்கூட அங்கேதான் அர்த்தமாகும். பிஜி 300 மூன்று மாத நெல், பிஜி 360 மூன்றரை மாதம், 400 வரிசை நாலு மாதம். மழை பிந்தினால் கமக்காரர் ஏன் வயது குறைந்த இனத்துக்கு மாறுகிறார் என்பது அப்போது விளங்கும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களை ஏன் எல்லாரும் செய்வதில்லை என்பதும் விளங்கும். அதற்கு ஆசை மட்டும் போதாது. வாங்க ஆள் வேண்டும்.

வயலுக்குப் போகிறவர் ஒன்றை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அந்த ஆண்டு நவம்பரில் அரசே அதைக் கைவிட்டது. இடையில் அடிபட்டவர்கள் இந்த வயல்காரர்கள். அதனால் நீங்கள் வரம்பில் ஏறியவுடனே ‘இயற்கை விவசாயம்’ என்று தொடங்கினால் ஐயா சிரித்துக்கொண்டே, “தம்பி, அதையெல்லாம் பார்த்து முடிச்சாச்சு. நாளைக்குக் களை பிடுங்க வாறியளோ?” என்பார். போய்ப் பிடுங்குங்கள். வெட்டுக்கு இப்போது மெசின் இருக்கிறது, களைக்கும் வரம்பு கட்டுவதற்கும்தான் ஆள் தேவை. அதைவிட, செலவுக் கணக்கு எழுதிக் கொடுப்பது, மண் மாதிரி எடுத்துக் கொடுப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் மாணவரால் உண்மையிலேயே முடிந்த உதவிகள். ஒரு மூட்டை யூரியாவைக் குறைத்துக் கூட்டெரு போட்டுப் பார்ப்போமா என்ற பேச்சு இரண்டாவது போகத்தில்தான் எடுபடும். நீங்கள் லீவில் போனாலும் வயல் நிற்காது என்பது இந்த வழியின் பெரிய பலம். உங்களுக்குக் கிடைக்கும் படிப்பு அதிகம், கம்பஸுக்கு வெளியே தெரிவது குறைவு. சேர்ட்டிபிக்கேற்றும் கிடைக்காது.

கன்ரீன் பக்கம் வருவோம். மண் ஒட்டாத வேலை, அதனால் யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கு இதுதான் முதலிடம். கணக்கைப் பாருங்கள்: மதியச் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு 150 கிராம் அரிசி என்றால் 300 பேருக்கு 45 கிலோ. நெல்லில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகும், ஆக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 70 கிலோ நெல், ஒரு மூட்டை. பாடம் நடக்கிற 100 நாளுக்கு 100 மூட்டை. நல்ல போகத்தில் நாலு ஏக்கர் வயலின் விளைச்சல் அது. ஆறு பாத்தித் தோட்டம் எவ்வளவு செழித்தாலும் இந்த அளவுக்குக் கிட்டவும் வராது.

மாசி, பங்குனியில் வீதியோரம் நெல் காயும்போது விலை அடிமட்டத்தில் இருக்கும். கடன் கட்ட வேண்டும், வைத்திருக்கக் களஞ்சியம் இல்லை, ஈரநெல்லாகவே லொறிக்கு ஏற்றிவிடுவார்கள். அது வெளி மாவட்டத்து ஆலைக்குப் போய்ப் பொதி அரிசியாகத் திரும்பி எங்கள் கன்ரீனுக்கே வரும். இடையில் இந்தச் சுற்றை வெட்டினால் கமக்காரருக்குக் கூடுதல் விலை, எங்களுக்கும் மலிவு.

சிக்கலும் இங்கேதான் அதிகம். கன்ரீனைக் கேள்விப்பத்திரத்தில் (ரெண்டரில்) எடுத்தவருக்குக் கடனுக்குச் சாமான் வேண்டும், தவறாமல் வரவேண்டும், பில் வேண்டும். தனிக் கமக்காரரால் மூன்றும் முடியாது, கமக்காரர் அமைப்பு ஒன்றால் ஓரளவு முடியும். சாப்பாட்டு விலையை ஏற்றவும் விடமாட்டார்கள், ஏற்றினால் முதலில் சண்டைக்கு வருவதும் மாணவர்தான். ஆகவே கிழமையில் ஒரு நாள் சிவப்பு நாட்டரிசிச் சோறு, காலையில் இலைக்கஞ்சி, பின்னேரம் அவித்த கச்சான் என்று சின்னதாகத் தொடங்குவது நல்லது. அடுத்த வருடக் கேள்விப்பத்திரம் எழுதும்போது ‘அரிசியில் இவ்வளவு பங்கு மாவட்டத்துக்குள் வாங்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மாணவர் ஒன்றியம் ஊடாகக் கேளுங்கள். அந்த வரி விழுந்துவிட்டால் உங்கள் பற்ச் வெளியேறிய பிறகும் அரிசி வந்துகொண்டிருக்கும்.

எதை எடுப்பது என்றால், முதலாம் வருடத்தில் தோட்டத்தில் நில்லுங்கள், ஆட்களைப் பழக அது நல்ல இடம். இரண்டு மூன்று வருடம் கையில் இருந்தால் ஒரு கமக்காரரைப் பிடியுங்கள். கடைசி வருடம், மண்ணில் இறங்க நேரமில்லை, ஆனால் கூட்டங்களில் பேச வாய் இருக்கிறது என்றால் கன்ரீன்தான். யாரையும் தெரியாவிட்டால் கிட்டடியில் உள்ள கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். காலையிலேயே போக வேண்டும், வெயில் ஏறிவிட்டால் அவர் வயல் பார்க்கப் போய்விடுவார்.