பாக்கி வசூல்: வசதியாக்க மன்றமா, மக்கள் நீதிமன்றமா?

காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர் சென்னை பில்டருக்குச் சரக்கு அனுப்பி மாதங்கள் ஆகின்றன, பணம் வரவில்லை. வக்கீல் வைத்து வழக்குப் போடும் முன் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றம். இதற்கு உதயம் (Udyam) எனும் சிறுதொழில் பதிவு வேண்டும். அதைச் சரக்கு அனுப்பும் முன்பே எடுத்துவிடுங்கள். மனுவை ஆன்லைனிலேயே போடலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. முதலில் சமரசம், அப்புறம் தீர்ப்பு. அதை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். இழுத்தடிப்பவருக்கு இதுதான் உறைக்கும். 90 நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பொறுமை வேண்டும்.

இரண்டாவது, லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றம். இதற்குக் கட்டணமில்லை, பதிவும் தேவையில்லை. காரைக்குடிக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் என்றால், முகம் முறியாமல் பேசி முடிக்க இதுவே தோது. தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் எதிராளி சம்மதிக்காவிட்டால் ஒன்றும் நடக்காது.

வெளியூர் பில்டரா? நான் வசதியாக்க மன்றத்துக்கே போவேன். சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிக்கு மட்டும் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது.