வேதியியல் பட்டம்: தரக்கட்டுப்பாடா, உற்பத்தியா?

அன்றாட வேலை
தரக்கட்டுப்பாடு: மாதிரியை எடை போடுவது, டைட்ரேஷன் (அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து செறிவைக் கண்டறிவது), எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி), எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதிவு.
உற்பத்தி: ரியாக்டரில் (வினை நடக்கும் பெரிய கலன்) மூலப்பொருள் ஏற்றுவது, வெப்பநிலை, அழுத்தம் கவனிப்பது, வடிகட்டல், உலர்த்தல். பெரும்பாலும் ஷிப்ட் முறை.

எங்கே சறுக்கும்
தரக்கட்டுப்பாடு: பஃபர் (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல்) ஓடிய எச்.பி.எல்.சி. கருவியில் நேரடியாகச் சுத்த அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை விட்டால் உப்பு படிந்து அழுத்தம் எகிறும். முதலில் 90% நீர் உள்ள கலவையால் கழுவுங்கள். வரம்பு மீறிய முடிவைக் காரணம் தேடாமல் மறுபடி ஓட்டி மறைப்பது இதைவிடப் பெரிய தவறு, வேலையே போய்விடும்.
உற்பத்தி: 100 மில்லி குடுவையில் கட்டுக்குள் இருந்த வினை 1000 லிட்டரில் கட்டுக்குள் நிற்காது. ஒரே வடிவக் கலனில் கொள்ளளவு 10,000 மடங்கானால், ஒரு லிட்டருக்கான சுவர்ப்பரப்பு ஏறத்தாழ 20-ல் ஒரு பங்காகச் சுருங்கும். வெப்பம் வெளியேற வழி குறைவு. வினைப்பொருளை மெல்லச் சேர்ப்பது அதனால்தான். குளிர்ந்த நிலையில் மொத்தமாகச் சேர்த்துவிட்டுப் பிறகு சூடாக்குவது ஆபத்து.

கற்க வேண்டியது
தரக்கட்டுப்பாடு: புள்ளியியல், முறை சரிபார்ப்பு (சோதனை முறை நம்பகமானதா என்று நிரூபிப்பது).
உற்பத்தி: வெப்பக் கடத்தல், பம்பு, வால்வு. பட்டப்படிப்பில் பெரும்பாலும் வராதவை. தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

நுணுக்கமும் பொறுமையும் உள்ளவருக்கு ஆய்வகம். இரவு ஷிப்டுக்கும் ஆட்களை நடத்தவும் தயாரானவருக்கு உற்பத்தி. முடிவெடுக்க முடியாதவர்கள் ஆய்வகத்தில் தொடங்கலாம், ஆனால் முதல் வருடமே ஆலைக்குள் இறங்கி மாதிரி எங்கே, எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.