பேட்டரியை மாற்றுவதற்கு முன் சோதித்துச் சொல்லும் சேலத்துக் கடை

சேலம் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் செல்போன் பழுது பார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போனை நீட்டி, சார்ஜ் நிற்கவில்லை என்று சொன்னால், அவற்றில் பலவற்றில் உடனே வரும் கேள்வி "ஒரிஜினல் போடட்டுமா, காப்பி போடட்டுமா?" என்பதாகத்தான் இருக்கும். பேட்டரி உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பார்ப்பதற்குள் விலை பேசி முடிந்துவிடும். அதை முதலில் பார்த்துச் சொல்கிற ஒரு கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. பெயர்ப்பலகையில் போன் கம்பெனிகளின் பெயர்கள் அடைத்துக்கொண்டது போக எஞ்சிய மூலையில்தான் கடைக்காரர் தம் கடையின் பெயரை எழுதியிருக்கிறார். உள்ளே உட்கார ஒரே ஒரு ஸ்டூல். மின்விசிறி வேலை மேசையை நோக்கித்தான் சுழல்கிறது. வசதியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏற்ற இடமன்று.

நான் இரண்டு போன்களைக் கொண்டு சென்றேன். ஒன்று என்னுடையது, தொழில் நிமித்தம் செவ்வாய்ப்பேட்டைக்கும் அம்மாப்பேட்டைக்கும் இடையே பகலெல்லாம் அலைவதால், வண்டியின் கைப்பிடியில் மாட்டிய தாங்கியில் வழி காட்டிக்கொண்டே வெயிலில் காய்வது. மற்றது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும், அன்று உடன் வந்திருந்த என் சித்தப்பாவுடையது. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே சமயத்தில் வாங்கியவை, இரண்டிலும் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. புகாரும் ஒன்றே: காலையில் முழுதாக ஏற்றினாலும் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது.

கடைக்காரர் இரண்டையும் உடனே திறக்கவில்லை. முதலில் அமைப்புகளில் பேட்டரிப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, எந்தச் செயலி எவ்வளவு எடுத்திருக்கிறது, திரை எவ்வளவு நேரம் எரிந்திருக்கிறது, திரை அணைந்திருந்த நேரத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு சார்ஜருக்கும் போனுக்கும் நடுவே ஒரு சிறிய மீட்டரைச் செருகி, உள்ளே போகும் மின்னோட்டத்தை அளந்தார். அதன் பின் கேமராவைத் திறந்து விளக்கையும் எரியவிட்டுச் சதவீதம் எப்படி இறங்குகிறது என்று கவனித்தார். தேய்ந்த பேட்டரியின் உள்தடை கூடியிருக்கும். திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் அதன் மின்னழுத்தம் சரிந்து, இருபது சதவீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்த போன்கூடச் சட்டென்று அணைந்துவிடும். என் போன் அந்தச் சோதனையில் தோற்றது. சித்தப்பாவின் போன் தேறிவிட்டது. அதன் கொள்ளளவு பெரிதாகக் குறையவில்லை.

"ஐயா, உங்க பேட்டரி மேல குத்தம் இல்லீங்க, டவர் தேடியே தின்னுருக்குது" என்று அவர் சித்தப்பாவிடம் சொன்னார். மலையிலிருந்து வரும் போன்களில் பெரும்பாலும் பேட்டரி நன்றாகவும் செலவு அதிகமாகவும் இருக்கும் என்பதும், ஊருக்குள் புழங்கும் போன்களில் பேட்டரியே செத்திருக்கும் என்பதும் அவருடைய அனுபவம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் பாதை, இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர வித்தியாசம். ஒரே புகாருக்கு இரு முனைகளிலும் இரு வேறு காரணங்கள். இதைப் பிரித்தறியத் தெரிந்ததுதான் இந்தக் கடையின் தகுதி என்று நான் கருதுகிறேன்.

ஊரில் பேட்டரி சாவதற்கு முதற்காரணம் வெப்பம். லித்தியம் அயான் பேட்டரியின் எதிர்மின்முனையின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய படலம் படிகிறது. சூட்டிலும், முழு சார்ஜில் நிற்கும்போது இருக்கும் உயர் மின்னழுத்தத்திலும் அந்தப் படலம் வேகமாகத் தடிக்கிறது. தடிக்கத் தடிக்க லித்தியம் அதில் சிக்கிக்கொண்டு பயன்படாமல் போகிறது. இத்தகைய பேட்டரிகளுக்குப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் அளவுகளின்படி, முழு சார்ஜோடு ஓராண்டு சும்மா கிடக்கும் பேட்டரி 25 டிகிரியில் தன் கொள்ளளவில் சுமார் 20 சதவீதத்தை இழக்கிறது. 40 டிகிரியில் சுமார் 35 சதவீதத்தை இழக்கிறது. அதையே 40 சதவீத சார்ஜில் வைத்திருந்தால் இழப்பு 25 டிகிரியில் 4 சதவீதமாகவும் 40 டிகிரியில் 15 சதவீதமாகவும் சுருங்குகிறது. இந்த இரண்டு வெப்பநிலைகளையும் ஏற்காட்டின் இதமான பகல் என்றும் சேலத்தின் சித்திரை மதியம் என்றும் படித்தால் கடைக்காரரின் அனுபவம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. கோடையில் நம் ஊர்க்காரர்கள் அந்த வரம்புக்குள் போனைப் பயன்படுத்துவதென்றால் காலை ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகுதான் எடுக்க வேண்டியிருக்கும்.

இதற்குக் கடைக்காரர் கூறிய யோசனைகள் சில, எல்லாம் செய்யக்கூடியவை. வண்டியில் மாட்டும்போது கூடவே சார்ஜ் ஏற்ற வேண்டாம். வரைபடமும் முழு ஒளித் திரையும் தரும் சூட்டோடு சார்ஜ் ஏறும் சூடும் சேர்ந்துகொள்ளும். தடித்த ரப்பர் உறையைச் சார்ஜ் போடும் வேளையிலாவது கழற்றிவிட வேண்டும். இரவு தலையணைக்கடியில் வைத்து ஏற்றக் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் முகப்பில் போனை விட்டுச் செல்லக் கூடாது. திரையை இருண்ட தோற்றத்துக்கு மாற்றச் சொன்னதை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. ஏனெனில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட அளவீட்டின்படி, கறுப்பான இடங்களில் புள்ளிகளே அணைந்துவிடும் ஓஎல்இடி திரையின் ஒளி 30 முதல் 50 சதவீதம் வரை இருக்கும்போது அதனால் மிச்சமாவது 3 முதல் 9 சதவீதம் மட்டுமே. ஆனால் அதே அளவீட்டில் முழு ஒளியில் மிச்சம் 39 முதல் 47 சதவீதமாக உயர்கிறது. வெயிலில் திரை தானாகவே முழு ஒளிக்குப் போய்விடுகிற நமக்கு இந்த இரண்டாவது எண்தான் பொருந்தும். பின்னால் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் எல்சிடி திரைக்கு இது பொருந்தாது என்பதையும் அவரே சொன்னார். திரை எந்த வகை என்று கேட்டுவிட்டுத்தான் இந்த யோசனையையே சொல்கிறார்.

சித்தப்பாவின் போனுக்கு வருவோம். சிக்னல் வலுவாக இருக்கும் இடத்தில் போன் மெல்லப் பேசினால் போதும். கோபுரம் தொலைவிலோ மலைமடிப்புக்கு அப்பாலோ இருந்தால் அது தன் அலைபரப்புத் திறனைக் கூட்டிக்கொண்டே போகும், சிக்னல் அறவே விட்டுப்போன இடத்தில் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். சிம் நிலை காட்டும் பக்கத்தில் மைனஸ் 80 என்பதுபோல் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110ஐத் தாண்டிவிட்டால் மிகவும் மெலிந்தது. தோட்டத்து அலுவலகத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கும்படி சித்தப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தார். 5ஜி விட்டுவிட்டுக் கிடைக்கும் மலையில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் இடையே தாவிக்கொண்டிருப்பதால், விருப்ப வலையமைப்பை 4ஜிக்கு மாற்றினார். பயன்படாத இரண்டாவது சிம்மை முடக்கினார். அலுவலகத்தில் பிராட்பேண்ட் இருப்பதை அறிந்து வைஃபை அழைப்பை இயக்கினார். தோட்டத்துக்குள் கோபுரமே எட்டாத பகுதிக்குப் போகும்போது விமானப் பயன்முறையில் வைக்கச் சொன்னார். பேட்டரி விற்கவில்லை, சோதனைக்காக நூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். சித்தப்பாவின் போன் இப்போது இரவு உணவு வரை தாங்குகிறது. நியாயமாகப் பார்த்தால் அந்த நூறு ரூபாயே இந்தக் கடையின் சிறந்த சேவை.

இனி என் போனுக்குச் செய்த மாற்று வேலை. பின்மூடியைச் சூடேற்றும் தட்டில் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் ஓரங்களைப் பிரித்தார். பழைய பேட்டரியைக் கம்பியால் நெம்பாமல், ஒட்டுநாடாவை இழுத்தும் ஆல்கஹால் சொட்டவிட்டும் எடுத்தார். அவசரப்பட்டுக் குத்தினால் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் இதை நான் கவனித்துப் பார்த்தேன். புதியதைப் பொருத்துமுன் பேட்டரி இணைப்பானில் டிசி பவர் சப்ளையை மாட்டி, போன் அணைந்த நிலையில் மின்னோட்டம் கசிகிறதா என்றும் சோதித்தார். போனின் சர்க்யூட் பலகையில் கசிவு இருந்தால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை. இந்தப் படியைச் செய்கிற கடைகள் குறைவு.

பேட்டரியைத் தேர்வு செய்யும் விஷயத்தில் அவர் வெளிப்படையாக இருந்தார். கடைவீதியில் ஒரிஜினல் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கம்பெனியின் பேட்டரி அல்ல என்பதை ஒப்புக்கொண்டு, தம்மிடம் இருப்பதை நல்ல காப்பி என்றே சொல்லி விற்றார். அதே அளவுள்ள பேட்டரியின் மேல் 5000க்குப் பதிலாக 6500 என்று அச்சடித்து வருவதைக் காட்டிச் சிரித்தார். வாங்குகிறவர்கள் உறையின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16046 குறியும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரிகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். எனக்குப் போட்டதில் இரண்டும் இருந்தன. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஐபோன் 15 வரிசைக்கு ஆயிரம் சுழற்சிகளுக்குப் பிறகும் (முழுக் கொள்ளளவை ஒருமுறை செலவிட்டு ஏற்றுவது ஒரு சுழற்சி) 80 சதவீதக் கொள்ளளவு எஞ்சும் என்று ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் புதிய போன்களுக்கு 800 சுழற்சிகளைக் குறைந்தபட்சமாக விதித்திருக்கிறது. சந்துக் கடையில் போடும் பேட்டரிக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. மூன்று மாத வாய்மொழி வாரண்டிதான்.

அந்த வாய்மொழிதான் முதற்குறை. கேட்டால் ஒரு துண்டுச்சீட்டில் தேதியையும் தொகையையும் எழுதித் தருகிறார். அச்சிட்ட பில் இல்லை. இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது: கழற்றிய பேட்டரிகளை, உப்பியவை உட்பட, மேசைக்கடியில் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார், அதற்கு இரண்டடி தள்ளித்தான் சூடேற்றும் தட்டு இருக்கிறது. உப்பிய பேட்டரிக்கு அப்படிப்பட்ட இடம் ஆபத்தானது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் சுமத்துகின்றன. சந்துக் கடையிலிருந்து அந்த வழிக்கு அவை எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டதற்குப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போவார் என்பதே பதில்.

மூன்றாவது, உதவியாளர் தந்த ஓர் அறிவுரை. புதிய பேட்டரியைப் போனை அணைத்து வைத்து எட்டு மணி நேரம் ஏற்ற வேண்டும் என்றார். அது நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்துப் பழக்கம். லித்தியம் பேட்டரி நிறைந்ததும் போனே மின்னோட்டத்தை நிறுத்திவிடுவதால் மீதி நேரத்தால் எந்தப் பயனுமில்லை. முழுதாக இறக்கி முழுதாக ஏற்றுவதும் சதவீதக் காட்டியைச் சரிசெய்ய எப்போதாவது உதவுமே தவிர, பேட்டரிக்கு வலு சேர்க்காது. கடைக்காரர் இதற்கு நேர்மாறாக, 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை என் போனில் இயக்கிக் கொடுத்தார். இரு யோசனைகளும் ஒரே கடையிலிருந்து வருவது வாடிக்கையாளரைக் குழப்பும்.

அந்த 80 சதவீத எல்லையை நான் பரிந்துரைக்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஐபோனில் 15ஆம் வரிசை முதலும், பிக்சலில் 2024 டிசம்பர் புதுப்பிப்பு முதலும் அது கிடைக்கிறது. சாம்சங் போன்களில் பேட்டரிப் பாதுகாப்பு என்ற பிரிவில் இருக்கிறது. இரவெல்லாம் சார்ஜரில் விட்டுத் தூங்குகிறவர்களுக்கும், கடையில் கல்லாவருகே எந்நேரமும் செருகியே வைத்திருப்பவர்களுக்கும் இதன் பயன் அதிகம். சேலத்திலிருந்து கிளம்பி நாள் முழுவதும் மலையில் சுற்றப்போகிறவர்கள் அன்று மட்டும் எல்லையை நீக்கி நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம். என்றோ ஒரு நாள் நிறைப்பதால் வரும் தேய்மானம் அற்பமானது. பேட்டரியைக் காப்பதற்காக ஏற்காட்டின் பகோடா பாயின்ட் காட்சிமுனையில் போன் அணைந்து நிற்பது விவேகமன்று.

மொத்தச் செலவு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. கம்பெனி சேவை மையத்தில் கேட்டதைவிட இது கணிசமாகக் குறைவு. இருப்பினும் வாரண்டிக் காலத்தில் உள்ள போன்களையும் மடிப்புப் போன்களையும் இங்கே கொண்டுவர வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவர்கள், வெளியே வாங்கிய பேட்டரி போட்டபின் அறியப்படாத உதிரிபாகம் என்ற அறிவிப்பு வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வர வேண்டும். நீர் புகாது என்று விளம்பரப்படுத்தப்பட்ட போனாக இருந்தால், ஒருமுறை பின்மூடியைத் திறந்த பிறகு அந்த உத்தரவாதத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தாலும், ரப்பர் பட்டைகளால் கட்டி வைத்துப் பசை ஓரளவு பிடித்த பிறகே போனைத் தருகிறார். பசை முழுதாக இறுக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அதுவரை வண்டித் தாங்கியில் இறுக்க வேண்டாம். காலையில் கொடுத்து மாலையில் வாங்குவது நல்லது. ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கவும். அன்று மதியத்தோடு கடை மூடிவிடுகிறது.