டிவி "போர்டு போயிடுச்சு" என்றால் உடனே பணம் கொடுக்காதீர்கள்

ஏழு மாதமாக எங்கள் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போய்க்கொண்டிருந்தது. மூன்று நொடி, நான்கு நொடி எதுவும் தெரியாது. பிறகு தானாகப் படம் வந்துவிடும். சில நாள் மணிக்கு ஒரு தடவை, சில நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. அப்பாவுக்கு 79 வயது. சாயங்காலம் யூடியூபில் கச்சேரியோ உபன்யாசமோ போட்டுக்கொண்டு உட்காருவார். படம் போகும்போதெல்லாம் கையிலிருக்கும் ரிமோட்டைப் பார்த்து, "நாந்தான் எதையோ அமுத்திப்போட்டனாட்ட இருக்குது" என்பார். ஒரு கட்டத்தில் ரிமோட்டைத் தொடுவதையே விட்டுவிட்டார். யாராவது போட்டுக் கொடுத்தால் பார்ப்பார், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார். 28,500 ரூபாய் போனதைக்கூட விட்டுவிடலாம், இது எனக்கு ஆறவே இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். விஷயம் புகாராகப் போகப் போகிறது, கடைப் பெயரைப் போடவில்லை.

கோவை வடவள்ளிப் பக்கம் வீடு கட்டினோம். ஹால் சுவரில் டிவி மட்டும் தெரிய வேண்டும், டப்பாக்கள் கண்ணில் படக்கூடாது என்று முடிவு செய்து, செட்டாப் பாக்ஸ், யூடியூப், ஓடிடி எல்லாம் வரும் ஸ்ட்ரீமிங் பாக்ஸ், பையனுடைய பிளேஸ்டேஷன் 5 மூன்றையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்தோம். மூன்றும் ஒரு எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் சேர்ந்து போகும் இணைப்பு) ஸ்விட்ச்சுக்குள் போகும். ஸ்விட்ச்சிலிருந்து சுவருக்குள்ளேயே 10 மீட்டர் கேபிள் டிவிக்குப் போகும். டிவி, ஸ்விட்ச், கேபிள், வேலை எல்லாம் ஒரே கடை.

கேபிள் 6,500 ரூபாய். "கோல்டு பிளேட்டட் சார், கலர் தூக்கலா இருக்குமுங்க" என்றார் கடைக்காரர். இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எச்டிஎம்ஐ கேபிளில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிளால் கலரைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சிக்னல் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் படம் வரும். சேரவில்லை என்றால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது மொத்தமாகக் கறுத்துவிடும். ஸ்விட்ச்சுக்கு 3,200 ரூபாய் வாங்கினார்கள். டப்பாவில் பெரிதாக 4கே என்று போட்டிருந்தது.

குடிவந்த சில மாதத்திலேயே கறுக்க ஆரம்பித்தது. கடைக்குச் சொன்னேன். ஒரு பையன் வந்தான். விசிட்டிங் சார்ஜ் தடவைக்கு 500. செட்டாப் பாக்ஸைப் போட்டு அரை மணி நேரம் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. "நல்லாத்தானுங்க இருக்குது, உங்க ஸ்ட்ரீமிங் பாக்ஸ்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுத்த தடவை, கரண்ட் ஏறி இறங்குகிறது என்று 3,800 ரூபாய்க்கு ஒரு ஸ்டெபிலைசர் தலையில் கட்டினார்கள். சவுண்ட்பாரில் சத்தம் வரவில்லை என்று நான் சொன்னதும் 700 ரூபாய்க்கு ஆப்டிகல் கேபிள். உண்மையில் சவுண்ட்பாரை அவர்கள் ஸ்விட்ச்சில் சொருகி வைத்திருந்தார்கள். டிவியின் பின்னால் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் போர்ட்டில், அதாவது கேபிள் சொருகும் ஓட்டையில், நேராகச் சொருகியிருந்தால் அந்த 700 ரூபாய்க்கு வேலையே இல்லை.

மூன்றாவது தடவை நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், நான் ஏமாந்த இடம் இதுதான். வந்தவர் கொஞ்சம் வயதானவர், நிதானமாகப் பேசினார். அலமாரியைத் திறந்து பழைய ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை மாட்டினார். கறுப்பது நிற்கவில்லை. பிறகு சுவர் கேபிளைக் கழற்றி, கையோடு கொண்டுவந்திருந்த இன்னொரு நீளக் கேபிளைத் தரையில் விரித்து மாட்டினார். அப்போதும் நிற்கவில்லை. "ஸ்விட்ச்சும் மாத்தியாச்சு, கேபிளும் மாத்தியாச்சு, ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. டிவில எச்டிஎம்ஐ போர்டு போயிடுச்சுங்க சார்" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. கண் முன்னால் மாற்றித்தானே காட்டினார்?

ஆனால் ஸ்விட்ச்சை மாற்றியபோது கெட்ட கேபிள் அப்படியே இருந்தது. கேபிளை மாற்றியபோது கெட்ட ஸ்விட்ச் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பொருளில் கோளாறு இருந்தால், ஒன்று மாற்றி ஒன்று மாற்றிப் பார்ப்பதில் இரண்டுமே நல்லது என்றுதான் தெரியும். போதாததற்கு, அவர் மாட்டிய புது ஸ்விட்ச்சும் அதே மட்டமான ரகம்.

டிவி வாங்கி அப்போது 14 மாதம். ஒரு வருட வாரண்டி முடிந்து இரண்டே மாதம். விற்ற கடைக்கு அது நன்றாகத் தெரியும். டிவியைச் சுவரிலிருந்து இறக்கி எடுத்துப் போனார்கள். ஒன்பது நாள் கழித்து வந்தது. மெயின் போர்டு (டிவிக்குள் இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) மாற்றியதாக 12,800 ரூபாய், கையால் எழுதிய பில், ஜிஎஸ்டி எண் கிடையாது. பழைய போர்டைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சுங்க" என்றார்கள். மாட்டிய அன்று ராத்திரியே மறுபடியும் கறுத்தது. அப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு அக்கா மகன் வந்திருந்தான். சர்வர் ரூமில் வேலை பார்க்கிறவன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, எதையாவது டிவில நேரா சொருகிப் பாத்தீங்களா?" என்றான். இல்லை. ஏழு மாதத்தில் யாருமே அதைச் செய்யவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஸ்ட்ரீமிங் பாக்ஸை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, அதோடு டப்பாவில் வந்த ஒன்றரை மீட்டர் கேபிளில் டிவியோடு நேராக மாட்டினான். இரண்டரை மணி நேரம் ஓடியது. ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. அதே போர்ட், அதே டிவி. போர்டு போயிருந்தால் இந்தக் குட்டிக் கேபிளிலும் படம் போயிருக்க வேண்டும் அல்லவா? பிறகு நடுவில் ஸ்விட்ச்சை மட்டும் சேர்த்து, இரண்டு பக்கமும் குட்டிக் கேபிள் போட்டான். இருபது நிமிடத்தில் கறுத்தது. ஸ்விட்ச்சை எடுத்துவிட்டுச் சுவர் கேபிளில் மட்டும் பாக்ஸை மாட்டினான். அதிலும் கறுத்தது. எதுவும் இல்லாத நிலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் ஒரே மத்தியானத்தில் விடை கிடைத்துவிட்டது. காசு ஒன்றும் செலவாகவில்லை.

செட்டாப் பாக்ஸில் மட்டும் ஏன் பிரச்சினை வரவில்லை என்பதையும் அவன்தான் சொன்னான். எங்கள் செட்டாப் பாக்ஸ் சாதாரண எச்டி, அதற்குக் கொஞ்சம் டேட்டா போதும். ஸ்ட்ரீமிங் பாக்ஸும் பிளேஸ்டேஷனும் வினாடிக்கு 60 ஃப்ரேமில் 4கே அனுப்புகின்றன. அதை முழுத் தரத்தில் கொண்டுபோக ஏறக்குறைய 18 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 18 ஜிகாபிட்) வேகம் வேண்டும். 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 வெர்ஷனின் அளவு அது. அதற்கு முந்தின 1.4-இன் அளவு 10.2 ஜிபிபிஎஸ்தான். அதில் 4கே என்றால் 30 ஃப்ரேம் வரைக்கும்தான். எங்கள் ஸ்விட்ச் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் "30 ஹெர்ட்ஸ்", அதாவது 30 ஃப்ரேம், என்று இருந்தது. முன்னால் போட்டிருந்த 4கே பொய்யில்லை, ஆனால் எங்களுக்கு வேண்டிய 4கே அது இல்லை. அதே அடிப்பக்கத்தில் எச்டிசிபி 1.4 என்றும் இருந்தது. எச்டிசிபி என்பது படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் பூட்டு. ஓடிடி-யில் 4கே படங்கள் வர வழியில் இருக்கும் எல்லாக் கருவியும் எச்டிசிபி 2.2-ஐ ஏற்க வேண்டும். 4கே-வுக்கென்று கூடுதல் சந்தா கட்டிக்கொண்டு இத்தனை மாதம் நாங்கள் குறைந்த தரத்தில்தான் படம் பார்த்திருக்கிறோம்.

ஸ்விட்ச்சுக்குத் தனி அடாப்டரும் கிடையாது. எச்டிஎம்ஐ போர்ட்டில் வரும் ஐந்து வோல்ட்டை வைத்தே சமாளிக்கிற ரகம். பின்னால் 10 மீட்டர் கேபிளைத் தள்ள அதற்குத் தெம்பு ஏது?

சுவரை உடைத்த அன்றுதான் கேபிளின் லட்சணம் தெரிந்தது. பைப்பே போடவில்லை. சுவரில் காடி வெட்டி, கேபிளை அப்படியே படுக்க வைத்து, மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள். டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவர்ப் பாக்ஸுக்குப் பக்கத்தில் 90 டிகிரியில் மடித்து ஆணி வைத்து இறுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் கேபிள் தட்டையாகிப் பட்டை மாதிரி இருந்தது, விரலால் தடவினால் உள்ளே கம்பிகள் புரண்டன. முழு நீளமும் துடைத்துப் பார்த்தேன். கேபிளின் மேல் எந்த அச்சும் இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. 6,500 ரூபாய்!

ஒழுங்கான கேபிளில் என்ன பார்க்க வேண்டும் என்று இப்போது தெரியும். "2.0 கேபிள்", "2.1 கேபிள்" என்று சொல்லி விற்பார்கள், ஆனால் கேபிளுக்கு வெர்ஷன் எண் கிடையாது. பிரீமியம் ஹை ஸ்பீடு என்றால் 18 ஜிபிபிஎஸ், அல்ட்ரா ஹை ஸ்பீடு என்றால் 48 ஜிபிபிஎஸ். சான்று பெற்ற கேபிளின் அட்டையில் ஸ்கேன் செய்யக்கூடிய லேபிள் ஒட்டியிருக்கும். அதற்குரிய ஆப்பில் போனிலேயே சரிபார்த்துவிடலாம். பத்து மீட்டருக்கெல்லாம் சாதாரணச் செம்புக் கேபிள் 18 ஜிபிபிஎஸ் தாங்குவது கஷ்டம். ஃபைபர் உள்ள ஆக்டிவ் ஆப்டிகல் கேபிள்தான் சரி. அதற்கு முன் பின் உண்டு. ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்பிளே என்றும் எழுதியிருக்கும், மாற்றிச் சொருகினால் படம் வராது. சுவருக்குள் இழுப்பதற்கு முன்னால் தரையில் விரித்து, இரண்டு மணி நேரமாவது 4கே-வில் ஓட்டிப் பாருங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நின்று, டிவிக்குத் தனியாக ஒரு பைப் போடச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ தலையே ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும், வயரிங்குக்குப் போடும் சின்ன பைப்பில் நுழையாது. 32 எம்எம் பைப், எல்போ வைக்காமல் அகலமான பெண்டு, உள்ளே ஒரு இழுகயிறு. இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். எனக்குச் சுவரை உடைத்துப் பூசி, ஹால் முழுக்க மறுபடியும் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தது.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். எச்டிஎம்ஐ போர்ட் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. இடி விழுந்தால், முக்கியமாக டிஷ் கேபிள் வழியாக வந்து, போர்ட் கருகுவது உண்டு. ஆனால் எங்கள் டிவி ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, ஆன் செய்ததும் நேராக எங்கள் வைஃபையில் போய் நின்றது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. டிவியிலேயே இருக்கும் ஆப்கள் எல்லாம் எங்கள் கணக்கில்தான் திறந்தன. அன்றைக்கு அது வசதியாகத்தான் தெரிந்தது. இந்த விவரங்கள் எல்லாம் பதிவாகியிருப்பது மெயின் போர்டில். புதுப் போர்டு போட்டிருந்தால் டிவி மொழி கேட்பதிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம், போர்டு முழுக்க ஒரே மாதிரி பழைய தூசி. எதையும் மாற்றாமலே 12,800 வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. உங்கள் டிவியை யாராவது எடுத்துப் போவதாக இருந்தால், பின்மூடியைத் திறக்கச் சொல்லி, போர்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரையே கூப்பிடுங்கள்.

இப்போது புது ஆக்டிவ் ஆப்டிகல் கேபிள், அடாப்டரோடு வந்த 18 ஜிபிபிஎஸ் ஸ்விட்ச். டிவி செட்டிங்ஸிலும் ஒரு வேலை இருந்தது. பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டின் முழு வேகத்தை நாமே இயக்க வேண்டும். சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட், எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ் என்று இருக்கும். மாட்டி நான்கு மாதமாகிறது, ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. அப்பா திரும்பவும் ரிமோட்டை எடுக்க ஆரம்பித்திருக்கிறார். ஆனால் ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரை ஒரு கணம் இருண்டால் இன்னும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். கடைக்கு நானே ஒரு நோட்டீஸ் எழுதி, கேபிள், ஸ்விட்ச் டப்பாவின் போட்டோக்களோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். பத்து நாளில் போன் வந்தது. கேபிள், ஸ்விட்ச், ஸ்டெபிலைசர் மூன்றையும் எடுத்துக்கொண்டு 13,500 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். கேபிளைக் கொடுப்பதற்கு முன் அந்த நசுங்கிய துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். போர்டு பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்தக் கையெழுத்து பில்லுக்கு ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை தாக்கல் செய்கிறேன்.